கோட்டுக்கு முந்திய படகு

பதினோரு வருஷத்துக்கு முன்னால், பன்னிரண்டடிப் படகுச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், ஜன்னலைத் திறந்துவிடச் சொல்வதற்காக அவள் கையைத் தூக்கினாள். தலைவர் அந்த நேரம் பார்த்து, "அடுத்த செயலாளரா யார் வர்றீங்க?" என்று கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது அவர் கண்ணில் பட்டது தூக்கிய கை ஒன்றுதான். கூட்டம் கைதட்டியது. ஜன்னலை யாரும் திறக்கவில்லை.

அன்றிலிருந்து அவள் எல்லாருக்கும் 'செயலாளர் அக்கா'. வாரத்தில் ஐந்து நாள் குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து, தண்ணி வரலை, வந்ததும் கலங்கலா இருக்கு, பக்கத்துத் தெருவுக்கு மட்டும் நல்லா வருது என்று ஊர்க் குறையெல்லாம் கேட்பாள். மீதி இரண்டு நாள் ஏரிக்கரைப் படகு கிளப்பில் உட்கார்ந்து, காத்து வரலை, வந்தும் சரியில்லை, அவனுக்கு மட்டும் வந்துச்சு என்று கேட்பாள். "ரெண்டு இடத்துலயும் ஒரே பதில்தான். எழுதிக் குடுங்க, பார்க்கிறோம்" என்பாள் புருஷனிடம், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே. அவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். தலையை நிமிர்த்தாமலே "ம்" என்பார். அந்த 'ம்'முக்குள் ஒரு டம்ளர் டீ தயாராக இருக்கும்.

பன்னிரண்டடி என்பது படகின் நீளம். ஒரு ஆள், ஒரு பாய், ஒரு சுக்கான். எல்லாப் படகும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு, ஒரே எடை. அதுதான் இந்தப் போட்டியின் சங்கதியே. படகில் வித்தியாசம் கிடையாது, ஓட்டுகிற கைதான் ஜெயிக்க வேண்டும் என்று யாரோ நல்ல மனசோடு ஏற்படுத்திய விதி. நடப்பதென்னவோ வேறு. ஜெயித்தவனின் படகு ஒரு கிலோ குறைச்சல் என்று தோற்றவனுக்கு நிச்சயமாகத் தெரியும். அதை அவன் செயலாளர் அக்காவிடம் நிச்சயமாகச் சொல்வான்.

வருஷத்துக்கு ஒரு முறை, மூன்று நாள் சாம்பியன்ஷிப். அதற்கு நான்கு மாதம் முன்னாலேயே அவளுக்குத் தூக்கம் குறைய ஆரம்பிக்கும். ஒவ்வொருவருக்கும் போன் போட்டு வரச் சொல்ல வேண்டும். வருகிறேன் என்றவர் வராமல் இருக்கக் காரணம் தேடுவதற்குள் பேரை எழுதிவிட வேண்டும். தராசில் ஒவ்வொரு படகாகத் தொங்கவிட்டு எடை பார்க்க வேண்டும். மிதவைகளுக்கு நங்கூரம், மீட்புப் படகுக்கு டீசல், கழிப்பறைச் சாவி, கோப்பையில் பெயர் பொறிக்க ஆள். மூன்று வருஷமாக ஒவ்வொரு கூட்டத்திலும் "இந்த வருஷத்தோட நான் நிறுத்திக்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தாள். சொன்னதும் முப்பது பேரும் தரையைப் பார்ப்பார்கள். தரையில் அப்படி என்ன இருக்கிறது என்று அவளும் ஒரு தரம் குனிந்து பார்த்தாள். ஒன்றுமில்லை.

இதில் அவளுடைய தம்பியும் ஒரு போட்டியாளன். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். புதிதாக ஸ்டியரிங் பிடித்தவர்கள் சுவரில் கொண்டுபோய் மோதினாலும் முகம் சுளிக்காத மனுஷன், தண்ணீரில் இறங்கிவிட்டால் காற்றைத் திட்டுவான், அலையைத் திட்டுவான், தன் கயிற்றையே திட்டுவான். நான்கு முறை இரண்டாவதாக வந்து, சங்கத்தில் அவனுக்கு 'ரெண்டாமிடம்' என்றே பேர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே அப்படித்தான் கூப்பிடுவார்கள். சிரித்துக்கொள்வான். வீட்டுக்கு வந்து யாரோடும் பேச மாட்டான்.

அக்கா செயலாளர் என்பதால் அவனுக்கு ஒரு சௌகரியமும் கிடைத்ததில்லை. ஒரு வருஷம் பத்து நிமிஷம் தாமதமாக வந்தான் என்று பேரைச் சேர்க்க மறுத்தாள். இன்னொரு வருஷம் அவன் சுக்கான் அரை விரல் அகலம் கூடுதல் என்று கரையிலேயே உட்காரவைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொன்னாள். "அக்கான்னு ஒருத்தி இருந்தா இப்படித்தான் இருக்கணும்" என்று அவன் பல்லைக் கடித்துக்கொண்டு தேய்த்ததை எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்றுதான் அவளும் செய்தாள்.

இந்த வருஷம் அவனுக்கு எதிரே நின்றது ஒரு நர்ஸ். சங்கத்துக்கு வந்து மூன்றே வருஷம். வந்தபோது சங்கத்திலேயே ரொம்பப் பழைய படகை வாங்கினாள். பதினேழாம் எண். வெள்ளைப் படகு, பாயில் நான்கு ஒட்டு. இரவு டூட்டி முடிந்து நேரே ஏரிக்கு வருவாள். இரண்டு பந்தயத்துக்கு நடுவே கிடைக்கிற அரைமணியில் படகுக்குள்ளேயே மல்லாந்து, தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூங்குவாள். யாரிடமும் எந்தப் புகாரும் சொன்னதில்லை. அதனாலேயே செயலாளர் அக்காவுக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

மூன்றாம் நாள், கடைசிப் பந்தயம். அதுவரை நர்ஸ் ஒரு புள்ளி முன்னால், தம்பி ஒரு புள்ளி பின்னால். இந்தப் பந்தயத்தில் இருவரில் யார் முந்துகிறார்களோ அவர்களுக்குக் கோப்பை.

தொடக்கக் கோடு என்பது தண்ணீரில் போட்ட கோடு அல்ல. நடுவர் படகில் ஒரு கொடிக்கம்பம், தூரத்தில் ஒரு ஆரஞ்சு மிதவை. இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டியது. ஹார்ன் அடிக்கிறவரை எல்லாப் படகும் அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இருபத்தெட்டுப் படகுகளும் முண்டியடித்ததில் அன்றைக்கு இரண்டு முறை ஆட்டம் கலைந்தது. மூன்றாம் முறை அவள் கறுப்புக் கொடி ஏற்றச் சொன்னாள். கறுப்புக் கொடி ஏறிவிட்டால் கெடுபிடி அதிகம். ஹார்ன் அடிக்கும்போது மூக்கு வெளியே நீட்டியிருக்கும் படகு எதுவானாலும் அந்தப் பந்தயத்திலிருந்து நீக்கம். அப்போது சொல்ல மாட்டார்கள். கரைக்கு வந்தபிறகு பலகையில் எண்ணைப் போடுவார்கள்.

கொடியும் ஹார்னும் ஓய்வுபெற்ற தபால்காரரின் பொறுப்பு. பத்து வருஷமாக அந்த ஹார்னுக்குப் பக்கத்திலேயே நின்று அவருக்குக் காது பாதி போய்விட்டது. கோட்டைப் பார்ப்பது அவள். கொடிக்கம்பத்தோடு கண்ணை ஒட்டவைத்து மிதவையைப் பார்த்தபடி, கண்ணில் படுவதை ஒரு சின்ன ரெக்கார்டரில் சொல்லிக்கொண்டே இருப்பாள். கோட்டைப் பார்க்கும்போது ஆளைப் பார்க்கக் கூடாது, எண்ணை மட்டும் பார்க்க வேண்டும் என்று அவளாகவே ஒரு பழக்கம் வைத்திருந்தாள்.

"அஞ்சு... நாலு... மூணு..." என்று தபால்காரர் கத்தினார். வரிசையின் நடுவே ஒரு மூக்கு நீண்டது. அவள் வாய் தன்பாட்டில் எண்ணைச் சொன்னது. ஹார்ன் அலறியது.

அதே நொடியில் பச்சைப் படகு ஒன்று பக்கவாட்டில் சாய்ந்து வந்து நடுவர் படகின் நங்கூரக் கயிற்றில் மாட்டிக்கொண்டது. அதை ஓட்டியவர் அவளைத் திட்ட, தபால்காரர் அவரைத் திட்ட, அவள் குனிந்து கயிற்றை விடுவிக்கும்போது உள்ளங்கை உரிந்து ரத்தம் வந்தது. நிமிர்வதற்குள் காற்று திசை மாறிவிட்டது. மிதவையை நகர்த்தச் சொல்லி மீட்புப் படகுக்குத் தகவல் போக வேண்டும். போனது. அவர்களுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னாள். ஐம்பது நிமிஷம் கழித்துப் படகுகள் ஒவ்வொன்றாக முடிவுக் கோட்டுக்கு வந்தன. தம்பி முதல். நர்ஸ் இரண்டாவது.

ரெக்கார்டரைத் திரும்பக் கேட்டபிறகுதான் தாளில் எழுதுவது என்பது அவளே போட்ட விதி. அன்றைக்குக் கேட்கவில்லை. நான்கு மணிக்குப் பரிசளிப்பு, ஆறு மணிக்குள் மண்டபத்தைக் காலி செய்ய வேண்டும், கழிப்பறைச் சாவியைக் காணோம் என்று மூன்று பேர் போன் செய்துவிட்டார்கள். ஆடுகிற நடுவர் படகில் முழங்காலில் அட்டையை வைத்துக்கொண்டு, கைக்குட்டை சுற்றிய கையால் எழுதினாள். கறுப்புக் கொடி, நீக்கம்: 17.

நர்ஸ் வந்து பலகையைப் பார்த்தாள். அரை நிமிஷம் நின்றாள். பிறகு போய்ப் பாய்மரத்தை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

பரிசளிப்புக்கு அம்மா வந்திருந்தாள். பதினோரு வருஷத்தில் முதல் முறை. தம்பியின் டிரைவிங் ஸ்கூல் காரில், முன்னும் பின்னும் பழகுநர் பலகையோடு, மகாராணி மாதிரி வந்து இறங்கினாள். தம்பி கோப்பையை வாங்கும்போது அழுதுவிட்டான். நாற்பத்தொன்பது வயசு ஆள், மீசையெல்லாம் நனைய. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மேடையிலிருந்து இறங்கி வந்து அவள் காதோடு, "அக்கா, கிடைச்சுடுச்சு" என்றான். யாருக்கும் எந்தப் புகாரும் இல்லாத ஒரு சாம்பியன்ஷிப் என்று அன்றிரவு படுக்கப்போகும்போது நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை சாயங்காலம், அலுவலகம் விட்டு வந்து, சங்கப் பதிவேட்டில் எல்லாவற்றையும் ஏற்ற உட்கார்ந்தாள். சாப்பாட்டு மேஜையின் ஒரு பாதியில் அவள் தாள்கள், மறுபாதியில் புருஷனின் அச்சுத் தாள்கள். ரெக்கார்டரை ஓடவிட்டாள். தபால்காரரின் கத்தல், அலைச் சத்தம், அதற்கு நடுவே தன் குரல். களைத்துப்போன, உணர்ச்சியே இல்லாத குரல்.

"ஒரு படகு. நடுவுல. மஞ்சள். ஏழு, ஒண்ணு. ஒரு முழம் வெளிய."

அப்புறம் ஹார்ன்.

அவள் நிறுத்தினாள். திரும்பப் போட்டாள். இன்னொரு முறை போட்டாள். புருஷன் பேனாவை மூடிவிட்டு அவளைப் பார்த்தார்.

"மஞ்சள் யாரோடது?" என்றார்.

"தம்பியோடது. எழுபத்தொண்ணு."

"நீ என்ன எழுதின?"

"பதினேழு."

"எண் முன்பின்னா மாறிப்போறது சகஜம். எங்க அச்சகத்துல தினமும் நாலு பார்க்கிறேன். வாய் ஒண்ணு சொல்லும், கை ஒண்ணு எழுதும்."

"நெஜமாவே கை தவறினதா, இல்ல..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. சொல்லும்போது அவளுக்கு எண் மட்டும்தான் தெரிந்திருந்தது, சத்தியம். ஆனால் தாளில் எழுதும்போது? அந்தக் கைக்கு அது யாருடைய எண் என்று தெரியுமா, தெரியாதா? எவ்வளவு யோசித்தாலும் உரிந்த உள்ளங்கையின் எரிச்சல்தான் நினைவுக்கு வந்ததே தவிர வேறொன்றும் வரவில்லை.

"தப்பா அச்சாயிட்டா திருத்தம் போடணும். அதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் புருஷன். பிறகு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்குதான். முதல்ல சாப்பிடு" என்றார்.

முடிவு அறிவித்த ஏழு நாளுக்குள் நடுவர் குழு தன் பதிவில் தானே பிழை கண்டால் திருத்தலாம் என்று சங்க விதியில் இருக்கிறது. அதை எழுதியவளும் அவள்தான்.

மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகிற வழியில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போனாள். ஒடுக்கமான அறை. சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். மேஜையில், வண்டிச் சாவிகளுக்கு நடுவே, கோப்பை. ஓட்டப் பழக வந்த இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை வெளியே போகச் சொல்லத் தம்பிக்குத் தோன்றவில்லை. அவள் ரெக்கார்டரை மேஜையில் வைத்து ஓடவிட்டாள்.

"இன்னொரு தடவை போடு" என்றான். போட்டாள்.

"மஞ்சள்ல வேற படகும் இருக்கே."

"நாப்பத்திரெண்டு. அவர் காலையிலேயே பாய் கிழிஞ்சு கரையேறிட்டாரு."

தம்பி கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்குத் தெரியுமாடா?" என்று கேட்டாள்.

"ஹார்ன் அடிக்கிறப்போ கொஞ்சம் முன்னாடி இருக்கோமோன்னு தோணுச்சு. தோணினதுக்கெல்லாம் திரும்பிப் போக முடியுமா? கரைக்கு வந்து பார்த்தா போர்டுல என் நம்பர் இல்ல. சரி, நம்ம நினைப்புதான்னு விட்டுட்டேன்."

"பதினேழுன்னு போட்டிருந்துதே. உனக்கு ஒண்ணுமே தோணலையா?"

"நீதானே எழுதின?" என்றான்.

பெஞ்சில் இருந்தவர்கள் சுவரில் இருந்த குறியீடுகளை மும்முரமாகப் படிக்க ஆரம்பித்தார்கள்.

"யாராவது கேட்டாங்களா? அந்தப் பொண்ணே கேக்கல. உன்னை யாரு தோண்டச் சொன்னது?"

"நான் தோண்டலடா. பதிவேடு எழுதணும்ல."

"பதினோரு வருஷம். ஏரியில நீ எனக்கு அக்காவா இருந்ததே கிடையாது. பரவாயில்லன்னு விட்டேன். சுக்கானைத் தேய்க்கச் சொன்ன, தேய்ச்சேன். பேரைச் சேர்க்க மாட்டேன்ன, சரின்னு வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு தடவை உன் கை தவறிடுச்சு. அதுவும் தானா. அதைக்கூட விட்டுவைக்க மனசு வரலையா உனக்கு?"

குரலை உயர்த்தாமல்தான் சொன்னான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"அம்மாகிட்ட நீயே சொல்லிக்கோ" என்று சாவியை எடுத்துக்கொண்டு, பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து, "வாங்க, போகலாம்" என்று கிளம்பிவிட்டான்.

அன்றைக்கு அலுவலகத்தில் நாற்பத்தாறு புகார் எழுதிக்கொண்டாள். எதுவும் காதில் ஏறவில்லை. ஒரு கிழவர், "எழுதினதை ஒரு தடவை படிச்சுக் காட்டும்மா" என்றார். படித்துக் காட்டினாள். வீட்டு எண்ணைத் தப்பாக எழுதியிருந்தாள்.

புதன்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரி கேன்டீனில் நர்ஸைப் பார்த்தாள். டூட்டி மாறுகிற நேரம். இறங்குகிறவர்கள் தட்டை வைக்க, ஏறுகிறவர்கள் தட்டை எடுக்க, ஒரே சத்தம். மூலை மேஜையில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். நர்ஸ் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள். அவள் சந்தோஷப்படுவாள், கொஞ்சம் கோபமாவது படுவாள் என்று நினைத்துத்தான் போனாள். இரண்டுமில்லை.

"நான் சரியாத்தான் கிளம்பினேன். எனக்குத் தெரியும்க்கா" என்றாள் நர்ஸ்.

"தெரியும்னா அப்பவே ஏன் கேக்கல?"

"கேட்டா விசாரணை வைப்பீங்க. ரெண்டு மணி நேரம் ஆகும். எனக்கு எட்டு மணிக்கு டூட்டி."

"அதுக்காகவா?"

நர்ஸ் டம்ளரைக் கீழே வைத்தாள். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. "அது மட்டும் இல்ல. நீங்க அவரோட அக்கா. எழுதினதும் நீங்க, விசாரிக்கப் போறதும் நீங்க. கேட்டு என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சேன். தப்பா எடுத்துக்காதீங்க. வேணும்னு பண்ணினீங்கன்னு நினைக்கல. ஆனா கேக்கவும் தோணல."

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றாள். தம்பி சொன்னதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். சுக்கானைத் தேய்க்கவைத்தது, பேரைச் சேர்க்காமல் விட்டது, அவன் பிறந்த நாளன்றுகூட அளவுநாடாவோடு போய் நின்று அவன் படகை அளந்தது எல்லாம் இப்படி யாரும் நினைக்கக் கூடாது என்றுதானே? வாயே திறக்காத அந்தப் பெண் மனசுக்குள் அதைத்தான் நினைத்திருக்கிறாள். இன்னும் எத்தனை பேர் புகார் சொல்லாமல் போனார்களோ. இரண்டு பஸ் வந்து போயின. மூன்றாவதில் ஏறினாள்.

அன்றே திருத்த அறிவிப்பை எழுதினாள். புருஷன் சிவப்புப் பேனாவோடு வாங்கிப் பார்த்து இரண்டு 'மிகவும்', ஒரு 'வருந்தத்தக்க' மூன்றையும் அடித்தார். "தப்பு உன்னோடதுன்னு மூணு இடத்துல சொல்லியிருக்க. ஒரு இடம் போதும்" என்றார். "மூணும் இருக்கட்டும்" என்றாள். அவர் ஒன்றை மட்டும் அடித்துவிட்டு, இரண்டை விட்டுவைத்தார். பதிவின் ஒலியோடு சேர்ந்து அறிவிப்பு முப்பத்தொரு உறுப்பினருக்கும் போய்ச் சேர்ந்தது.

பிறகு போன் ஓயவில்லை. ஒருவர் அவளை ஓஹோ என்று புகழ்ந்தார். ஒருவர், "கோப்பை வாங்கி, போட்டோ எடுத்து, விருந்தும் சாப்பிட்டு முடிச்சப்புறமா நேர்மை ஞாபகம் வந்துச்சு?" என்றார். பச்சைப் படகுக்காரர், ஏழு வருஷத்துக்கு முன்னால் தான் ஆறாவதாக வந்த பந்தயத்தின் பதிவையும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அப்போது ரெக்கார்டரே கிடையாது என்று சொன்னாள். "அதெப்படிங்க?" என்றார் அவர், அதுவே பெரிய சந்தேகத்துக்குரிய விஷயம் போல. எல்லாருக்கும் அவள் சொன்னது ஒன்றுதான்: எழுதிக் குடுங்க, பார்க்கிறோம்.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை போனாள். தம்பி கோப்பையை அங்கே கொண்டுவந்து போட்டுவிட்டுப் போயிருந்தான். ஷோகேஸுக்குள் வைக்கவில்லை, தரையில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்தது. அம்மா முழுக்கக் கேட்டாள்.

"அவன் நெஜமாத்தான் அழுதான்" என்றாள் கடைசியில். "ஏமாத்திட்டு ஒருத்தன் அப்படி அழ மாட்டான்."

"அவன் ஏமாத்தலம்மா. நான்தான் தப்பா எழுதிட்டேன்."

"மாடியில, கீழ, எதிர்வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்டி நான்." அம்மா எழுந்துபோய் ஒரு துண்டை எடுத்துவந்து கோப்பையைச் சுற்றி அவள் மடியில் வைத்தாள். "எடுத்துட்டுப் போ. இன்னொருத்தி பொருள் நம்ம வீட்டுல எதுக்கு."

கோபமா, வருத்தமா, இரண்டும்தானா என்று அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. கோப்பையை நர்ஸின் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தாள். கைதட்டல் கிடையாது, போட்டோ கிடையாது. நர்ஸ் அதை மருந்து அலமாரியின் மேலே வைத்துவிட்டு, ஒரு நோயாளிக்கு ஊசி போடப் போய்விட்டாள்.

ஆறு வாரம் கழித்து ஆண்டுக் கூட்டம். தம்பி வரவில்லை. அவள் எழுந்து, "இந்த வருஷத்தோட நான் நிறுத்திக்கிறேன்" என்றாள். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். இந்த முறை அவள் உட்காரவில்லை. பதிவேடு, சாவிக்கொத்து, ரெக்கார்டர், அளவுநாடா, ஒவ்வொன்றாகப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். வைத்துவிட்டு, பையின் ஜிப்பை மூடினாள். அந்தச் சத்தம் நன்றாகக் கேட்டது.

"கோட்டைப் பார்க்கிறவரும் போட்டியில இருக்கிறவரும் சொந்தக்காரங்களா இருக்கக் கூடாது. அப்படி ஒரு விதி போடணும்" என்று நர்ஸ் எழுந்து சொன்னாள். கூட்டம் சங்கடப்பட்டது. செயலாளர் அக்கா முதல் ஆளாகக் கையைத் தூக்கி ஆதரித்தாள். விதி நிறைவேறியது.

"கடுதாசி வேலை எனக்குக் குடுங்க. முப்பது வருஷம் அதைத்தானே பண்ணேன்" என்றார் தபால்காரர். படகு எடையும் பேர்ப்பட்டியலும் நர்ஸ் எடுத்துக்கொண்டாள், போன் மட்டும் எடுக்க மாட்டேன் என்ற நிபந்தனையோடு. கோட்டைப் பார்க்க ஆள் வேண்டும் என்றபோது மறுபடி தரை. கடைசியில் தபால்காரர், ஏழு வருஷமாக ஆறாமிடத்தை மறக்காத பச்சைப் படகுக்காரரைக் கைகாட்டினார். "இவரை விடக் கூர்மையா யாரு பார்ப்பா?" அவர் மறுக்க வாயைத் திறப்பதற்குள் கைதட்டிவிட்டார்கள்.

அதன்பிறகு சனிக்கிழமை வந்தால் அவளுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. முதல் சனிக்கிழமை முழுக்கத் தூங்கினாள். இரண்டாவதும் தூங்கினாள். "உடம்பு சரியில்லையா?" என்றார் புருஷன். "பதினோரு வருஷத்துத் தூக்கம். ஒரே நாள்ல முடியுமா?" என்றாள்.

தம்பி மூன்று மாதம் பேசவில்லை. பிறகு அம்மாவின் கண் ஆபரேஷனுக்காகப் பேச வேண்டி வந்தது. எந்த ஆஸ்பத்திரி, யார் கூட இருப்பது, சொட்டு மருந்து எத்தனை வேளை என்று பேசினார்கள். படகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அடுத்த பந்தயப் பருவம் தொடங்கிய வாரம் போன் செய்தான்.

"சனிக்கிழமை ஏரிக்கு வரணுங்கறா அம்மா. கண்ணு நல்லாத் தெரியுதாம், பார்க்கணுமாம். எனக்குக் காலையில கிளாஸ் இருக்கு, அப்படியே நேரா ஏரிக்குப் போயிடுவேன். நீ கூட்டிட்டு வர்றியா?"

கூட்டிக்கொண்டு போனாள். கரையில் நாற்காலி போட்டு அம்மாவை உட்காரவைத்தாள். தண்ணீரில் ஹார்ன் அடித்தது. யார் முந்தினார்கள், யார் பிந்தினார்கள் என்று அவள் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமில்லை என்பதே உடம்பைத் தளர்த்தியது. அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடிவிட்டாள்.

"அக்கா."

எழுந்து பார்த்தால் தம்பி, முழங்கால்வரை நனைந்து நிற்கிறான். மஞ்சள் படகு மணலில் ஏறியிருந்தது. மற்றவர்கள் எல்லாம் கிளம்பிவிட்டார்கள். அம்மா அவன் காரில் போய் உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

"பாய்மரம் இறக்கணும். ஒரு கை பிடிக்கிறியா?"

போனாள். அவன் அடியில் தாங்க, அவள் முன்கயிற்றைப் பிடித்தாள். "கொஞ்சம் விடு" என்றான். விட்டாள். "பிடி, பிடி." பிடித்தாள். பாய்மரம் மெதுவாகச் சாய்ந்து அவன் தோளுக்கு வந்தது. இருவருமாகத் தூக்கி மணலில் படுக்கவைத்தார்கள். அவளுக்கு மூச்சு வாங்கியது. அவனுக்கும்தான்.

"எத்தனாவது?" என்று கேட்டாள்.

"நாலு" என்றான், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "அந்தப் பச்சைக்காரன் கோட்டைப் பார்க்கிற லட்சணத்துக்கு நாலே அதிகம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. சுருட்டிய கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு, சுக்கானைக் கழற்றக் குனிந்தான்.